பழுதா, இயல்பா? ஒரு பழைய வட்டியக்கி கற்பிக்கும் பாடம்

கடந்த நூற்றாண்டின் எண்பதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினிகளுள் முதன்மையானது 'கமடோர் 64'. 1982-இல் 595 டாலர் விலையில் அறிமுகமான இக்கணினி, அடுத்த பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேல் விற்பனையானது. நிரல்களையும் கோப்புகளையும் சேமித்து வைக்க அதனுடன் இணைத்துப் பயன்படுத்தப்பட்ட நெகிழ்வட்டு இயக்கியின் பெயர் '1541'. ஐந்தேகால் அங்குல அகலமுள்ள மெல்லிய 'ஃபிளாப்பி' வட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 170 கிலோபைட் தகவலை அது எழுதும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் அடக்க முடியாது.

அந்தத் தலைமுறையினரின் பரண்களும் அலமாரிகளும் இப்போது திறக்கப்படுகின்றன. தந்தை எழுதிய நிரல், தாய் தட்டச்சு செய்த கடிதம், எங்கும் வெளியாகாத ஒரு விளையாட்டு எனப் பலவும் அந்த வட்டுகளில் உறைந்து கிடக்கின்றன. அவற்றைப் படிக்கும் ஆவலுடன் பழைய இயக்கிக்கு மின்சாரம் தருகிறவர்களை அது திகைக்க வைக்கிறது. சில நேரம் யாரோ கதவை இடிப்பதுபோலத் தடதடவென்று ஒலிக்கிறது. சில நேரம் சிவப்பு விளக்கு இடைவிடாமல் சிமிட்டுகிறது. சில வட்டுகளைத் தடையின்றிப் படிக்கிறது. அதே வகைப்பட்ட வேறு வட்டுகளை ஏற்க மறுக்கிறது. சிறிய நிரலை ஏற்றுவதற்கே நிமிடக் கணக்கில் காக்க வைக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் 'பழுது' என்ற ஒரே பெயரைச் சூட்டிவிடுவது எளிது. ஆனால், இவற்றுள் சில அந்த இயந்திரத்தின் இயல்புகள். சில உண்மையான பழுதுகள். இன்னும் சில, அவசரப்பட்டுச் சரிசெய்தால் வட்டிலுள்ள தகவலையே இழக்கச் செய்பவை. இந்த மூன்றையும் பிரித்தறிவதற்கு, அந்த இயக்கி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கணினிக்குப் பக்கத்தில் இன்னொரு கணினி

முதலில் அறியவேண்டியது, 1541 வெறும் துணைக்கருவி அன்று. அதுவே ஒரு முழுக் கணினி. அதற்குள் '6502' என்ற செயலி இருக்கிறது. கமடோர் 64-இன் மையச் செயலியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இயங்குபவை. இயக்கிக்கென்று 2 கிலோபைட் நினைவகமும், வட்டை நிர்வகிக்கும் நிரல் நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட 16 கிலோபைட் சில்லுகளும் உண்டு. 'இந்தக் கோப்பைத் தா' என்று கணினி கேட்டுவிட்டு ஒதுங்கிவிடும். கோப்பு எங்கே இருக்கிறது, படிப்புத் தலையை எங்கே நகர்த்துவது, பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பனவெல்லாம் இயக்கியின் பொறுப்பு.

சிமிட்டும் சிவப்பு விளக்கின் பொருள் இங்கிருந்தே விளங்கும். கேட்ட பெயரில் கோப்பு இல்லை என்றாலும், வட்டைச் செருகாமல் கட்டளையிட்டாலும், உண்மையிலேயே படிக்க முடியாமல் போனாலும் இயக்கி செய்வது ஒன்றுதான்: விளக்கைச் சிமிட்டும். என்ன பிழை என்பதைத் தன் நினைவகத்தில் ஓர் எண்ணாகவும் சிறு வாசகமாகவும் குறித்து வைத்துக்கொள்ளும். 'பதினைந்தாம் தடவழி' எனப்படும் கட்டளை வழியே பயனர் கேட்டால்தான் அதைச் சொல்லும். 62 என்றால் கோப்பு காணப்படவில்லை. 21 என்றால் வட்டில் படிக்கத்தக்க அடையாளமே தென்படவில்லை. 74 என்றால் இயக்கி ஆயத்தமாக இல்லை. ஆகவே, சிமிட்டும் விளக்கைக் கண்டவுடன் இயக்கியைப் பிரித்துப்போடுவது, நோயாளியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அறுவைக்கு ஆயத்தமாவதற்கு ஒப்பானது.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. மின்சாரம் கொடுத்தவுடன் மோட்டார் சுழலத் தொடங்கி, சிவப்பு விளக்கும் எரிந்து, ஓரிரு விநாடிகளில் இரண்டும் அடங்கிவிடுவதே முறை. அடங்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் மோட்டாரில்தான் கோளாறு என்று பலரும் கருதுவர். உண்மையில் அந்த மோட்டாருக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. மின்சாரம் பாய்ந்த கணத்தில், இயக்கியின் கட்டுப்பாட்டுச் சில்லு எந்தக் கட்டளையும் பெறாத நிலையில் இருக்கிறது. அந்நிலையில் அதன் இணைப்பு முனைகள் மோட்டாரையும் விளக்கையும் 'இயங்கு' என்ற நிலையிலேயே வைத்திருக்கும் வகையில் மின்சுற்று அமைந்துள்ளது. செயலி விழித்தெழுந்து தன் நிரலை இயக்கி, 'நில்' என்று சொன்ன பிறகே அவை அடங்கும். மோட்டார் நிற்கவில்லை என்றால், நிறுத்தச் சொல்லவேண்டிய மூளை விழிக்கவில்லை என்று பொருள். தேடவேண்டிய இடம் மோட்டார் அன்று. செயலி, நினைவகம், நிரல் சில்லுகள், மின்வழங்கி ஆகியவையே.

தட்டும் ஓசை

இனி, அந்தப் புகழ்பெற்ற தடதட ஓசைக்கு வருவோம். நெகிழ்வட்டில் தகவல்கள் வட்ட வட்டமான தடங்களில் எழுதப்படுகின்றன. 1541 பயன்படுத்தும் தடங்கள் 35. வெளிவிளிம்பில் உள்ளது முதல் தடம். மையத்தை ஒட்டியது 35-ஆம் தடம். படிப்புத் தலையை அளந்து அளந்து நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று அதைத் தடத்துக்குத் தடம் கொண்டு செல்கிறது. ஆனால், தலை இந்தக் கணத்தில் எந்தத் தடத்தின்மேல் நிற்கிறது என்பதை இயக்கி எப்படி அறியும்?

விலை கூடிய இயக்கிகளில் முதல் தடத்தை அடைந்தவுடன் தெரிவிக்கும் ஓர் உணரி இருந்தது. விலையைக் குறைக்கும் முனைப்பில் 1541-இன் தொடக்ககால வடிவங்களில் அந்த உணரியைச் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஓர் எளிய தந்திரம் கையாளப்பட்டது. தலை எங்கே இருக்கிறது என்ற ஐயம் எழுந்தால், அதை வெளிப்பக்கமாக நாற்பதுக்கும் மேற்பட்ட தடங்கள் அளவுக்கு நகர்த்தும்படி நிரல் கட்டளையிடும். இருப்பதோ 35 தடங்கள். ஆகவே, தலை எங்கிருந்து புறப்பட்டாலும் கடைசியில் ஒரு தடுப்பில் மோதி நின்றாக வேண்டும். நின்ற இடமே முதல் தடம் என்று இயக்கி கணக்கில் வைத்துக்கொள்ளும். தலை முன்பே விளிம்பருகில் இருந்துவிட்டால், மிச்சமுள்ள அடிகள் அத்தனையும் தடுப்பின்மேல் மோதும் மோதல்களாகவே கழியும். நாம் கேட்கும் ஓசை அதுதான். கண் தெரியாத ஒருவர் சுவரைத் தொட்டுத் தன் இடத்தை உறுதிசெய்து, அங்கிருந்து அடியெண்ணி நடப்பதைப் போன்றது இது. ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் நிறுவனத்தின் 'டிஸ்க் 2' இயக்கியும் கணினி தொடங்கும்போது இதே காரணத்தால்தான் கடகடவென்று ஒலித்தது.

எனவே, புதிய வட்டை வடிவூட்டும்போதும், படிக்க முடியாத ஒரு பகுதியை எதிர்கொள்ளும்போதும் எழும் இவ்வோசை பழுது அன்று, இயல்பு. ஆனால், இயல்பாக நடக்கும் ஒன்று காலப்போக்கில் பழுதுக்குக் காரணமாகாது என்று சொல்வதற்கில்லை. மோட்டாரின் தண்டில் இறுக்கிப் பொருத்தப்பட்டிருந்த கப்பி, ஆயிரக்கணக்கான மோதல்களில் இம்மி இம்மியாக நழுவத் தொடங்கியது. மின்மாற்றி இயக்கியின் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் உண்டான வெப்பமும் அதற்குத் துணைபோனது. விளைவாக, தலை நிற்கவேண்டிய இடத்துக்குச் சற்றே விலகி நிற்கலாயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. அக்காலத்தில் விளையாட்டு நிரல்களை விற்ற நிறுவனங்கள், திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காக வட்டில் வேண்டுமென்றே சில பிழையான பகுதிகளை உருவாக்கி விற்றன. நிரல் தொடங்கும்போது அந்தப் பகுதியைப் படிக்க முயலும். பிழை வந்தால் 'இது அசல்' என்று ஏற்கும். வராவிட்டால் 'இது நகல்' என்று நின்றுவிடும். சாதாரண நகலெடுப்பில் பிழைகள் நகலாவதில்லை என்பதே இந்த உத்தியின் அடிப்படை. ஆனால், ஒவ்வொரு பிழையும் தலையைத் தடுப்பில் மோதவிட்டது. பணம் கொடுத்து அசலை வாங்கியவரின் இயக்கி நாள்தோறும் இடிபட்டது. காவல் உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதியை ஓட்டியவரின் இயக்கியோ அமைதியாக இயங்கியது. நேர்மையாளருக்கே தண்டனை தரும் பாதுகாப்பு முறைகள் இணைய யுகத்தில் பிறந்தவை அல்ல.

சரிசெய்தால் இழப்பு

தலை விலகிப்போன இயக்கி விசித்திரமான முறையில் நடந்துகொள்ளும். தான் எழுதிய வட்டுகளைத் தடையின்றிப் படிக்கும். பிற இயக்கிகளில் எழுதப்பட்டவற்றைப் படிக்கத் திணறும். காரணம் எளிது. எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே அளவுக்கு விலகி நிற்பதால், தன் எழுத்து தனக்குச் சரியான இடத்திலேயே இருக்கிறது. மற்றவர் எழுத்துத்தான் இடம் மாறியதாகத் தோன்றுகிறது.

மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, சற்றே திருப்பி, மீண்டும் இறுக்கினால் தலை நேராகிவிடும். அக்காலப் பழுதுபார்ப்புக் கடைகளில் அன்றாடம் நடந்த வேலை இது. இன்று பழைய இயக்கி ஒன்றைக் கையில் பெறுபவரும் அதையே முதல் வேலையாகச் செய்ய நினைக்கலாம். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அந்த வீட்டிலுள்ள வட்டுகள் அனைத்தும், தலை விலகிய நிலையில் அதே இயக்கியால் எழுதப்பட்டவையாக இருக்கக்கூடும். இயக்கியை நேராக்கிய மறுகணம், அந்த வட்டுகளைச் சரியாகப் படிக்கத்தக்க கருவி அந்த வீட்டில் இல்லாமல் போகிறது. பூட்டும் தேய்ந்து சாவியும் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிட்ட நிலையில், சாவியை மட்டும் புதிதாக்கினால் கதவு திறக்குமா? முதலில் வட்டுகளிலுள்ள அனைத்தையும் படியெடுக்க வேண்டும். அதன் பிறகே இயக்கியைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால், பழுதுநீக்கம் என்ற பெயரிலேயே தகவல் அழியும்.

ஆமை வேகத்தின் வரலாறு

அடுத்த புதிர், அதன் மந்தகதி. வட்டு நிமிடத்துக்கு 300 சுற்றுகள் சுழல்கிறது. அதாவது, ஒரு சுற்றுக்கு 0.2 விநாடி. வெளித்தடத்தில் தலா 256 பைட் கொண்ட 21 கூறுகள் இருக்கின்றன. அப்படியானால், விநாடிக்கு 26 ஆயிரம் பைட்டுக்கும் மேல் தலைக்கு அடியில் கடந்து செல்கிறது. ஆனால், கணினிக்கு வந்து சேர்வது விநாடிக்கு ஏறத்தாழ 400 பைட்தான். 40 கிலோபைட் அளவுள்ள நிரலை ஏற்ற ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகும். ஆறு நிறைய நீர் ஓடியும் வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாக வருகிறதென்றால், குறை ஆற்றில் இல்லை, குழாயில் இருக்கிறது.

அந்தக் குழாயின் கதை 1541-க்கு முந்தியது. கமடோரின் தொடக்ககாலக் கணினிகள் ஒரே நேரத்தில் எட்டு பிட்களை அனுப்பும் விலை மிகுந்த கம்பிவடத்தைப் பயன்படுத்தின. 'விக் 20' என்ற மலிவுவிலைக் கணினிக்காக, ஒன்றன்பின் ஒன்றாக பிட்களை அனுப்பும் எளிய வடம் திட்டமிடப்பட்டது. பிட்களைத் தானாகவே கோத்து அனுப்பும் வசதி '6522' என்ற சில்லில் இருந்தது. ஆனால், அந்த வசதியில் ஒரு வடிவமைப்புக் குறை வெளிப்பட்டது. காலக்கெடு நெருங்கவே, சில்லு செய்யவேண்டிய வேலையைச் செயலியின் தலையில் கட்டினர். ஒவ்வொரு பிட்டையும் நிரலே கையில் எடுத்துக் கொடுத்து, மறுமுனை பெற்றுக்கொண்டதா என்று பார்த்துக்கொள்ளும் முறை அப்படித்தான் பிறந்தது.

கமடோர் 64-இல் இடம்பெற்ற புதிய சில்லில் அந்தக் குறை இல்லை. இருந்தும், பழைய துணைக்கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பழைய முறையே தொடர்ந்தது. அதற்குமேல் ஒரு சிக்கலும் சேர்ந்தது. கமடோர் 64-இன் திரைச் சில்லு, எழுத்துகளை வரைவதற்காக அவ்வப்போது செயலியை ஏறத்தாழ 40 மைக்ரோ விநாடிகள் நிறுத்தி வைக்கும். அந்த இடைவெளியில் வந்த பிட்டைச் செயலி தவறவிட்டுவிடும். எனவே, விக் 20-க்காக உருவாக்கப்பட்ட '1540' இயக்கியை இன்னும் மெதுவாகப் பேசும்படி மாற்றினர். அப்படி மாற்றப்பட்டதே 1541. ஒரு சில்லின் குறை, ஒரு காலக்கெடு, பழையதைக் கைவிடக் கூடாது என்ற வணிக முடிவு ஆகிய மூன்றும் சேர்ந்து இலட்சக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்தன. 1985-இல் கமடோர் 128 கணினியும் 1571 இயக்கியும் வந்த பிறகே, சில்லின் வசதியைப் பயன்படுத்தும் வேகமான முறையை அந்நிறுவனம் வழங்கியது.

பயனர்கள் அதுவரை காத்திருக்கவில்லை என்பதுதான் இதில் சுவையான பகுதி. இயக்கியும் ஒரு கணினியே என்பதால், அதன் நினைவகத்துக்குள் புதிய நிரலை அனுப்பி இயக்க முடியும். பழைய பேச்சுமுறையை ஓரம்கட்டிவிட்டு, இரு பக்கமும் விரைந்து பேசும் புதிய முறையை நிறுவும் 'விரைவேற்றி' நிரல்கள் பெருகின. எபிக்ஸ் நிறுவனத்தின் 'ஃபாஸ்ட் லோடு' பொதியுறை அவற்றுள் பெயர்பெற்றது. இத்தகைய சில நிரல்கள் இயங்கும்போது திரை வெறுமையாகிவிடும். அதையும் கோளாறு என்று கருதியவர்கள் உண்டு. செயலியை அடிக்கடி நிறுத்தும் திரைச் சில்லுக்குச் சற்று ஓய்வு கொடுத்துவிட்டால் பிட்கள் தவறுவதில்லை. திரை இருண்டதன் காரணம் அவ்வளவுதான்.

இல்லாத இரண்டாம் இயக்கி

எல்லா விசித்திரங்களும் இப்படித் தீங்கற்றவை அல்ல. ஏற்கெனவே உள்ள கோப்பின் இடத்தில் அதன் புதிய வடிவத்தைச் சேமிக்க ஒரு கட்டளை இருந்தது. எப்போதோ ஒருமுறை அது வேறொரு கோப்பின் பகுதிகளைச் சிதைத்துவிடும். நூறு முறை ஒழுங்காக நடந்து, நூற்றோராவது முறை காலை வாரிவிடும் பழுதை நிரூபிப்பது கடினம். 'அப்படி ஒன்று இல்லவே இல்லை. பயனரின் கவனக்குறைவுதான்' என்று ஒரு சாரார் சொன்னார்கள். பட்டவர்களோ அந்தக் கட்டளையைத் தொடாதீர்கள் என்று மற்றவர்களை எச்சரித்தார்கள். ஆண்டுக்கணக்கில் நீடித்த இந்த வாதம், இயக்கியின் உள்நிரலை வரிவரியாக ஆராய்ந்தவர்களால்தான் எண்பதுகளின் நடுப்பகுதியில் முடிவுக்கு வந்தது.

1541-இன் உள்நிரல், ஒரே பெட்டிக்குள் இரண்டு வட்டுகளைக் கொண்ட பெரிய இயக்கிகளுக்காக எழுதப்பட்ட நிரலிலிருந்து உருவானது. எந்த இயக்கி என்று எண்ணைக் குறிப்பிடாமல் கட்டளையிட்டால், அது இல்லாத இரண்டாம் இயக்கியையும் கணக்கில் கொண்டு, அதற்கும் நினைவக இடத்தை ஒதுக்க முற்படும். 2 கிலோபைட் நினைவகத்தில், வட்டின் கூறுகளை வைத்துக் கையாள இருந்தவை ஐந்தே இடையகங்கள். இடம் போதாமல் போகும் அரிதான வேளையில், பயன்பாட்டில் உள்ள ஒன்றையே பறித்துக்கொள்ள நேரும். அப்போது தவறான தகவல் வட்டில் எழுதப்பட்டுவிடும். மூலநிரலில் வேரூன்றிய ஒரு பழைய அனுமானம், இடம் மாறிய பின்னும் ஆவியைப்போல் உலவியது என்றே சொல்ல வேண்டும். 'அது மூடநம்பிக்கை' என்று ஒதுக்கப்பட்ட புகார், கடைசியில் உண்மையாயிற்று. அனுபவித்தவர் சொல்வதைக் காரணம் தெரியாததாலேயே பொய் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

பிழையையும் பாதுகாக்க வேண்டும்

இத்தனை நுணுக்கங்களை இன்று ஏன் பேசவேண்டும்? நெகிழ்வட்டின் காலம் முடிந்துவிட்டது. சோனி நிறுவனம் ஜப்பானில் அதன் விற்பனையை 2011-இல் நிறுத்தியது. அரசுக்கான ஆவணங்களை நெகிழ்வட்டில் அளிக்கவேண்டும் என்றிருந்த விதிகளை ஜப்பான் அரசு 2024-இல் முற்றிலுமாகக் கைவிட்டது. ஆனால், வட்டுகளின் காலம் முடிந்தாலும் அவற்றில் உள்ளவற்றின் மதிப்பு முடிந்துவிடவில்லை. புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-இல் கமடோரின் அமிகா கணினியில் வரைந்த ஓவியங்கள், பிட்ஸ்பர்க் நகரிலுள்ள அவரது அருங்காட்சியகத்தில் நெகிழ்வட்டுகளில் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழக மாணவர்களின் உழைப்பால் 2014-இல் அவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்ற விளையாட்டின் மூலநிரல், அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் தந்தை வீட்டு அலமாரியில் கிடந்த வட்டுகளிலிருந்து 2012-இல் மீட்கப்பட்டது. இரண்டிலும் வெற்றிக்குக் காரணம், வட்டு உயிரோடு இருந்தது மட்டுமன்று. அக்கால இயந்திரங்களின் போக்கை அறிந்த மனிதர்கள் இருந்ததும்தான்.

1541-இன் வட்டுகளைச் சாதாரணக் கணினியின் நெகிழ்வட்டு இயக்கியில் செருகினால் ஒன்றும் தெரியாது. நான்கு பிட்களை ஐந்து பிட்களாக மாற்றி எழுதும் தனிமுறையைக் கமடோர் கையாண்டது. காந்தப் பரப்பில் நெடுநேரம் மாற்றமே இல்லாவிட்டால், படிக்கும் மின்சுற்று சமிக்ஞையைத் தேடித் தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போய், இரைச்சலையே தகவல் என்று எண்ணிவிடும். அதைத் தவிர்க்கவே இரண்டுக்கும் மேற்பட்ட சுழிகள் அடுத்தடுத்து வராதபடி அந்த முறை வகுக்கப்பட்டது. பாதுகாப்பு உத்திகளை வகுத்தவர்கள் இதையும் பயன்படுத்திக்கொண்டனர். வெறுமையாக விடப்பட்ட ஒரு பகுதியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை வரும். விடை மாறினால் அசல்; மாறாமல் இருந்தால் நகல்.

ஆகவே, வட்டின் 683 கூறுகளில் உள்ள எண்களை மட்டும் படியெடுத்து வைத்தால், அத்தகைய நிரல்கள் இயங்காது. காந்தப் பரப்பின் ஒவ்வொரு திருப்பத்தையும் அதன் கால அளவோடு பதிவுசெய்யும் 'கிரையோஃபிளக்ஸ்', 'கிரீஸ்வீசல்' போன்ற கருவிகள் இதற்காகவே உருவாயின. கமடோர் 64-ஐ இன்றைய கணினியில் போலச்செய்யும் 'வைஸ்' மென்பொருள், இயக்கிக்குள் இருந்த செயலியையும் சேர்த்தே போலச்செய்ய வேண்டியதாயிற்று. அசலின் குறைகளைத் திருத்திவிட்ட நகல், அசல் ஆகாது. சுவடியைப் படியெடுப்பவர், ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுத் தம் திருத்தத்தைத் தனியே குறிக்கவேண்டும் என்பது பதிப்புலகம் அறிந்த நெறி. காந்த ஏடுகளுக்கும் அது பொருந்தும்.

இது மேலைநாட்டுப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. தொண்ணூறுகளில் தமிழ்ப் பதிப்பகங்களும் சிற்றிதழ்களும் கணினி அச்சுக்கோப்புக்கு மாறின. அப்போது நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டுமுறை என்ற நிலை நிலவியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்பாட்டு முயற்சிகள் தொடங்கி, பின்னர் ஒருங்குறி வேரூன்றும் வரை எழுதப்பட்டவற்றுள் எத்தனையோ கோப்புகள் நெகிழ்வட்டுகளில் தங்கியவை. அவற்றைத் திறக்க வட்டைப் படிக்கும் கருவி மட்டும் போதாது. அந்த எழுத்துருவின் விசித்திரங்களை அறிந்தவரும் வேண்டும். பொருளற்ற குறிகளின் குவியலாகத் திரையில் தோன்றுவது பழுதடைந்த கோப்பாக இருக்கலாம். பழுதே இல்லாத ஒரு நல்ல நாவலாகவும் இருக்கலாம்.

பழைய வட்டுகளை வைத்திருப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு. அறியாத இயக்கியில் அரிய வட்டை முதலில் செருகக் கூடாது. இழந்தாலும் கவலையில்லாத ஒரு வட்டைக் கொண்டு சோதிக்க வேண்டும். பூஞ்சை படர்ந்த வட்டு, தானும் அழிந்து தலையையும் கெடுக்கும். தூய்மைப்படுத்தாமல் அதைச் சுழலவிடக் கூடாது. எழுதுவதைத் தடுக்கும் ஒட்டுத்தாளை வட்டின் விளிம்பு வெட்டில் ஒட்டிவிட்டே படிக்க வேண்டும். இயக்கி மறுத்தால், அது சொல்லும் பிழை எண்ணைக் கேட்டறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் படியெடுத்தல், பிறகே பழுதுபார்த்தல் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் செய்யவேண்டியது இதைவிடப் பெரிது. மின்னாவணக் காப்பு என்றால் வட்டுகளை வாங்கி அடுக்கி வைப்பது மட்டுமன்று. அவற்றைப் படித்த கருவிகளின் பழுதுபார்ப்புக் கையேடுகள், உள்நிரல்கள், அவற்றுடன் பழகியவர்களின் பட்டறிவு ஆகிய அனைத்தும் அந்தக் காப்பின் பகுதிகளே. எண்பதுகளில் இத்தகைய இயக்கிகளைப் பழுதுபார்த்த தொழில்நுட்பர்கள் இன்று முதுமையை எட்டிவிட்டனர். தடதட ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் இது இயல்பு, இது பழுது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். காந்தத்தூள் உதிர்வதற்கு முன் வட்டுகளைப் படியெடுக்க முனைவதைப் போலவே, அவர்கள் அறிந்ததையும் எழுத்தில் பதிந்து வைக்க முனைய வேண்டும். காலம் இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.